வீட்டுக்கு ஒரு விறகு

அண்ணி,

உங்கள் விறகு இப்போது என் மேசைமேல் இருக்கிறது. உங்கள் மகள் நேற்று காரில் கொண்டுவந்து கொடுத்தாள். உங்கள் அடுப்படியைச் சுத்தம் செய்தபோது கேஸ் சிலிண்டருக்குப் பின்னால், பழைய கைலித்துணியில் சுற்றி வைத்திருந்ததைப் பார்த்தாளாம். நம் ரப்பர் தோட்டத்துப் பால்மர விறகு. முழங்கை நீளம். இரண்டு முனையும் கத்தியால் ஒழுங்காக வெட்டியது. எங்கும் கரி படவில்லை.

"அம்மா இந்த வருசத்துக்குன்னு முன்னாடியே எடுத்து வச்சிருக்கு, சித்தப்பா. இத நான் என்ன செய்யறது?" என்று கேட்டாள்.

எனக்கும் தெரியவில்லை. வாங்கி வைத்துக்கொண்டேன். மூக்கருகே கொண்டுபோனால் காய்ந்த பால்மரத்துக்கே உரிய இலேசான புளிப்பு வாடை வருகிறது. மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலின் நாற்றம் அல்ல, அதன் தூரத்துச் சொந்தம் போல ஒன்று. மேசையில் விறகை வைத்துக்கொண்டு முகர்ந்துபார்க்கும் கிழவனை என் வீட்டில் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று கதவைச் சாத்திக்கொண்டேன்.

விறகுக்குப் பக்கத்தில் சில தாள்கள் இருக்கின்றன. உங்கள் பேத்தி கவிதா நம் குடும்பச் சங்கத்தின் ஒன்றுகூடலுக்கு இந்த வருடம் மலர் போடுகிறாள். இன்றிரவே அச்சேற வேண்டிய வரலாற்றுப் பக்கத்தை என்னிடம் பார்க்கக் கொடுத்திருக்கிறாள். கொடுக்கும்போதே சொல்லிவிட்டாள்: "தப்பு இருந்தா மட்டும் திருத்துங்க தாத்தா. கமா, புள்ளி எல்லாம் விட்டுடுங்கலா. அச்சகத்து அங்கிள் ஏற்கெனவே என்மேல காண்டா இருக்காரு."

என்னை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இந்தமுறை காற்புள்ளியில் ஒரு குறையும் இல்லை. இரண்டு வாக்கியங்களில்தான் சிவப்புப் பேனா நின்றுவிட்டது. முதல் வாக்கியம்: 'சயாம் ரயில் பாதையில் இறந்துபோன நம் முன்னோருக்கு ஆண்டுதோறும் படையலிடுகிறோம்.' இரண்டாவது: 'இந்நாளில் வீட்டுக்கு ஒரு விறகு கொண்டுவருவது நம் மூதாதையர் தமிழகத்திலிருந்து கொண்டுவந்த தொன்மையான மரபாகும்.'

பிள்ளை அழகாகத்தான் எழுதியிருக்கிறாள். யாரோ சொன்னதை நம்பி எழுதியிருக்கிறாள். நான் போய் அது அப்படியில்லை என்று சொன்னால், கிழவனுக்கு எதிலும் நொட்டைதான் என்று நினைப்பாளோ என்று ஒரு தயக்கம். எனக்கே சரியாக நினைவிருக்கிறதா என்பது இன்னொரு தயக்கம். சந்தேகம் வந்தால் உங்களிடம் கேட்டுத்தானே எனக்குப் பழக்கம். அதனால் உங்களிடமே எழுதிப் பார்க்கிறேன். எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அண்ணன் போன காலையை நான் பார்க்கவில்லை. அப்போது அவர் என்னைப் படிக்கவென்று சிரம்பானில் ஒரு வீட்டில் விட்டிருந்தார். நீங்கள் சொல்லித்தான் தெரியும். ஜப்பான்காரன் காலம். கோலா சாவா பக்கத்துத் தோட்டத்தில் அரிசியைக் கண்ணால் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. எல்லா வீட்டிலும் மரவள்ளிக்கிழங்குதான். விடியலில் பெரட்டுக்கு ஆட்கள் கூடினார்கள். வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற அதே இடத்தில், அதே மாதிரி, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பெயர்களைக் கூப்பிட்டார். கூப்பிட்டவர்கள் "இருக்கேன்" என்று சொல்லி முன்னே வந்தார்கள். முன்னே வந்தவர்களை லாரியில் ஏறச் சொன்னார்கள். சயாமில் ரயில் போடுகிறார்கள், அங்கே மூன்று வேளையும் சோறு என்று சொன்னார்களாம். அண்ணன் லாரியிலிருந்து உங்களைப் பார்த்து, "சோறு திங்கத்தான் போறேன், அழுவாத" என்றாராம். அப்போது உங்கள் மகள் வயிற்றில் இருந்தாள்.

நம் பங்காளி வீடுகளில் அந்த லாரியில் ஏறியவர்கள் ஒருவர்கூடத் திரும்பவில்லை. யார் எங்கே எப்போது எப்படி என்று சொல்ல யாருமில்லை. திதி கொடுக்க நாள் தெரியாது. யுத்தம் முடிந்து, பிழைக்கப் போன இடங்களில் வீடுகள் சிதறின. எங்கள் பெரியப்பா பெடாஸ் பக்கத்துத் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் ஆனார். நானும் அதே தோட்டத்தில் சின்னக் கிராணியாகச் சேர்ந்தேன். எங்கள் சித்தப்பா சி ரூசாவில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் தோட்டவேலைக்குப் போனார். சிலர் சிரம்பானில். நீங்கள் மட்டும் கோலா சாவாவிலேயே, அண்ணன் விட்டுப்போன அதே தொழிலாளர் லயத்தில் இருந்தீர்கள். "வந்தா எங்கன்னு தேடுவாரு?" என்று ஒருமுறை சொன்னீர்கள்.

லாரி வந்த நாளில் வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் அங்கே கூடவேண்டும் என்று சொன்னவர் நீங்கள். அதுதான் நம் சங்கம். பெரியப்பா தலைவர் என்று பெயர், சங்கம் நீங்கள்தான். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி வரும். எல்லா அரிசியும் ஒரே பானையில் வேகும். இலையில் சோறும், பக்கத்தில் ஒரு துண்டு மரவள்ளிக்கிழங்கும் வைப்பீர்கள். பிறகு நான் பெரட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரி பெயர்களைக் கூப்பிடுவேன். ஒவ்வொரு பெயருக்கும் அந்த வீட்டு ஆள் ஒருவர் "இன்னும் வரலை" என்று பதில் சொல்லவேண்டும். பிறகுதான் சாப்பாடு.

அந்தப் பதிலை எப்படிச் சொல்லவேண்டும் என்று யாருக்கும் நீங்கள் கற்றுத்தரவில்லை. முதல் வருடம் அண்ணன் பெயரை நான் கூப்பிட்டதும், வேலைக்கு வராத ஆளைப் பற்றிக் கிராணிக்குச் சொல்வதுபோல் நீங்கள் சொன்னீர்கள். அழுகை இல்லை. மற்றவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

பிறகு வெள்ளைக்காரனுக்கும் காட்டுக் கம்யூனிஸ்டுகளுக்கும் சண்டை மூண்ட அவசரகாலம் வந்தது. சிதறிக்கிடந்த லயங்களை ஓரிடத்தில் சேர்த்து முள்கம்பி வேலி போட்டார்கள். ஒரே வாசல். வாசலில் மாத்தா. போலீஸை நாம் அப்படித்தானே சொல்வோம். காட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்ச் சேரக்கூடாது என்று அரிசியை அளந்து கொடுத்தார்கள். எந்தத் தோட்டத்து வாசலையும் அரிசி தாண்டக்கூடாது. பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு வாய்ச் சோற்றைக்கூட வேலைக்காட்டுக்குக் கொண்டுபோக முடியாது. நீங்கள் வெறும் வயிற்றோடு பால் வெட்டிவிட்டு மத்தியானம் திரும்பி வந்து சாப்பிட்ட காலம் அது. மடியில் அரிசியோடு பிடிபட்டால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. நான் நினைப்பதுகூட இல்லை.

அந்த வருடம் பெரியப்பா உங்களைப் பெடாஸுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். நீங்கள் பிள்ளையோடு பஸ் ஏறி வந்தீர்கள். அவர் வீட்டு நடையில் உட்கார்ந்து பேசியதை என்னால் வார்த்தை பிசகாமல் சொல்ல முடியும். மற்றவற்றில் சந்தேகம் உண்டு, இதில் இல்லை.

"இந்த வருசம் வேணாம்மா," என்றார் பெரியப்பா. "அரிசியோட பஸ் ஏறுனா உள்ள தூக்கிப் போட்டுருவான். காட்டுக்காரனுக்குக் கொண்டுபோறேன்னு எழுதிருவான்."

"அப்ப அடுத்த வருசம், மாமா?"

"அடுத்த வருசமும் என்னத்துக்கு? சிரம்பான் கோயில்ல ஐயரக் கூப்ட்டு, எல்லாருக்கும் சேத்து ஒரே கருமாதியாப் பண்ணிருவோம். ஒரு வேலையா முடிஞ்சிரும். நீயும் எத்தன வருசத்துக்குத்தான் வரல வரலன்னு சொல்லிக்கிட்டிருப்ப? ஊரு சிரிக்குது."

பெரியப்பா கெட்டவர் இல்லை, அண்ணி. அவருடைய மகனும் அந்த லாரியில் போனவன்தான். அவருக்கு அந்தப் பதிலைச் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு வருடமும் மகன் பெயர் வரும்போது இருமுவார். பெரியம்மாதான் பதில் சொல்வார். ஆனால் அவர் சொன்னது நடந்தால் என்ன ஆகும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். உங்கள் நெற்றிப்பொட்டு போகும். தாலியை அவிழ்ப்பார்கள். அண்ணன் பெயரை அதன்பிறகு யாரும் கூப்பிடமாட்டார்கள்.

நீங்கள் மகளுடைய பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னிக்கொண்டிருந்தீர்கள். பின்னி முடித்ததும் கேட்டீர்கள்:

"அரிசிதான மாமா கொண்டாரக் கூடாது?"

"ஆமா."

"வெறகு கொண்டாரலாமில்ல?"

பெரியப்பா சிரித்துவிட்டார். "வெறகத் திங்கவா எல்லாரும் பஸ் ஏறி வரப்போறோம்?"

"அரிசி நான் எங்க லயத்துல கேட்டு வாங்கிக்கிறேன். வேலிக்குள்ள இருக்குற அரிசி வேலிக்குள்ளயே வேவுது. அத யாரு கேக்கறது? நெருப்பு மட்டும் எல்லார் வீட்டுதாவும் இருக்கட்டும். வீட்டுக்கு ஒரு வெறகு."

"ஏம்மா, கொள்ளிக்கட்டையா தூக்கிக்கிட்டு வரச்சொல்ற?"

"கொள்ளி எதுக்கு மாமா? யாரு செத்தா?" என்றீர்கள். குரலை உயர்த்தவே இல்லை. "எரியாத வெறகு."

குறுக்கே பேசியவன் நான்தான். "அண்ணி, இத்தன பேரு ஒரே இடத்துல கூடுறதுக்கு பெர்மிட் வேணும். போலீஸ்ல கேக்கணும். தொரை கையெழுத்து வேணும்…" என்று இழுத்தேன்.

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே, தம்பி."

பெரியப்பா அதையே பிடித்துக்கொண்டார். "சரி. பெர்மிட் கெடச்சா வரோம். கெடைக்கலன்னா கருமாதி. அதுக்கப்புறம் ஒரு பேச்சு பேசக்கூடாது."

"பேசல மாமா," என்றீர்கள்.

அன்று நான் நேரே தோட்டத்து ஆபீசுக்குப் போனது இன்னும் நினைவிருக்கிறது. உங்களுடைய பொட்டும் தாலியும் என் ஆங்கிலத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. மனுவை எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். அடுத்த ஞாயிறு கோலா சாவாவுக்கு வந்து வேலிக்கு வெளியே நின்று, தமிழில் பெயர்த்துச் சொன்னேன். 'இறந்துபோன உறவினருக்குச் செய்யும் சமயச் சடங்கு' என்ற இடத்துக்கு வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினீர்கள்.

"செத்தவங்கன்னு போட்டிருக்கீங்களா?"

"போலீஸுக்குப் புரியணுமே அண்ணி. அப்படிப் போட்டாத்தான் ஈசியா குடுப்பான்."

"அப்படிப் போட்டு வாங்குறதுக்கு, மாமா சொன்ன மாதிரி கருமாதியே பண்ணிரலாமே."

திரும்பிப் போய் 'வராத உறவினர்' என்று மாற்றினேன். தட்டச்சில் அந்தச் சொல்லைப் பார்க்கப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. வராதவர் என்றால் காட்டுக்குள் இருப்பவர் என்று நினைத்துவிட்டால்? ஆகவே அடுத்த வரியில், ஜப்பானியர் காலத்தில் சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர்கள் என்று சேர்த்தேன். துரை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். வராதவர்களுக்கு விருந்தா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கொஞ்சநேரம் ஜன்னல் பக்கம் பார்த்திருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவருக்கும் அந்த யுத்தத்தில் யாராவது வராமல் இருந்திருக்கலாம். அது எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பெர்மிட் வந்தது. மாலை வாசல் மூடுவதற்குள் வெளியூர்க்காரர்கள் எல்லோரும் கிளம்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

அந்தக் காலையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் நடுக்கமும் ஒன்றாக வருகின்றன. பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒவ்வொருவர் கையிலும் ஒரு விறகு. நானும் பெரியப்பாவும் பால்மர விறகு. சித்தப்பா சி ரூசா கடற்கரையிலிருந்து சவுக்கு. சிரம்பான்காரர்கள் விறகுக்கடையில் வாங்கிய பாக்காவ் என்கிற அலையாத்திக் கட்டை. வாசலில் வரிசையாக நின்றோம். காவலுக்கு இருந்த மலாய்க்காரக் கோப்ரல் அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்தார், விறகைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"இனி அப்பா?" என்றார். இது என்ன?

மலாய் தெரிந்தவர்கள் எல்லோரும் அன்று மலாயை மறந்துபோனோம். அரிசியைக் குடைந்த மூங்கிலில் ஒளித்துக் கொண்டுபோய்ப் பிடிபட்டவர்களைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருப்பார். பெரியப்பாவின் விறகை வாங்கி, பாராங் கத்தியால் நடுவே ஒரு போடு போட்டார். விறகு இரண்டாகப் பிளந்தது. உள்ளே விறகுதான் இருந்தது.

"நல்லாத்தான் பொளக்குறான். நம்ம வீட்டுக்கு ஒருநா கூட்டிக்கிட்டுப் போவலாம்," என்று சித்தப்பா என் காதருகே முணுமுணுத்தார். எனக்குச் சிரிக்கத் தைரியம் இல்லை.

நீங்கள் உள்ளேயிருந்து வந்தீர்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கம்பிக்கு அந்தப்பக்கம் நின்று, "அடாட், துவான். அடாட் காமி," என்றீர்கள். எங்கள் வழக்கம், ஐயா.

அது பெடாஸில் சில வாரங்களுக்கு முன்புதான் பிறந்த வழக்கம். அதை நீங்கள் அவ்வளவு நிதானமாகச் சொன்னீர்கள். கோப்ரல் ரெம்பாவ்காரர். வழக்கம் என்ற சொல்லுக்கு இந்த மாநிலத்து மலாய்க்காரர்களிடம் என்ன எடை என்று உங்களுக்குத் தெரிந்தே சொன்னீர்களா, இல்லை வாயில் வந்ததா? பிறகு கேட்டபோதெல்லாம் சிரித்தே மழுப்பிவிட்டீர்கள். அவர் பாராங்கை உறையில் போட்டார். தன் ஊர்க் கம்போங்கிலும் கெண்டூரி விருந்து என்றால் வீட்டுக்கு வீடு விறகு வரும் என்றார். பிளந்த விறகின் இரண்டு துண்டுகளையும் பெரியப்பாவிடமே திருப்பிக் கொடுத்தார். "இப்ப என் வீட்டுக்கு ரெண்டு வெறகு," என்றார் பெரியப்பா. அவர் அன்று விட்ட முதல் மூச்சு அது.

ஆனால் உள்ளே போனதும் என் வினை வெளிப்பட்டது. புறப்படும் பரபரப்பில் என் வீட்டு அடுப்புப் பக்கத்திலிருந்து ஒரு விறகை எடுத்துத் துணியில் சுற்றியிருந்தேன். பிரித்தால் ஒரு முனை கருகியிருந்தது. எல்லாவற்றையும் இரண்டுமுறை சரிபார்க்கிற நான், இதைப் பார்க்கவில்லை. பெரியப்பா முகம் மாறிவிட்டது.

"பாத்தியாம்மா. வேணாம்னாலும் கொள்ளி வந்து நிக்கிது. நாம சொன்னா கேக்கமாட்ட, தெய்வமே சொல்லுது."

பெரியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். நான் அந்த விறகோடு எங்கே போய் ஒளிவது என்று தெரியாமல் நின்றேன்.

நீங்கள் வந்து என் கையிலிருந்து அதை வாங்கினீர்கள். படிக்கட்டில் சாய்த்து வைத்து, கத்தியால் கருகிய முனையை ஒரே வெட்டாக வெட்டினீர்கள். கரித்துண்டைக் காலால் தள்ளிச் சாக்கடைக் காணில் விட்டீர்கள்.

"இப்ப வெறகு," என்றீர்கள். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி வீட்டு வெறகு மட்டும் கொஞ்சம் கட்ட. சம்பளம் பத்தலபோல," என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பாவும் சிரித்தார். அவர் அதற்குப்பிறகு கருமாதி என்ற சொல்லை எடுக்கவே இல்லை. அன்றிலிருந்து இன்றுவரை ஒன்றுகூடலுக்கு வருகிற விறகின் இரண்டு முனையையும் வெட்டித்தான் கொண்டுவருகிறோம். ஏன் என்று கவிதாவுக்குத் தெரியாது. அவளுக்கு அதுவும் தொன்மையான மரபு.

அரிசி உங்கள் லயத்துக்காரர்கள் கொடுத்தது. நமக்குச் சொந்தமில்லாதவர்கள், அளந்து வாங்கிய அரிசியிலிருந்து ஆளுக்கொரு பிடி எடுத்துக் கொடுத்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் ஆளுக்கு ஓர் உருண்டைதான் வந்தது. பால்மரம் புகைந்தது, சவுக்கு சடசடத்தது, பாக்காவ் நின்று எரிந்தது. பானை பொங்கும்வரை எல்லோரும் தத்தம் விறகு எரிகிறதா என்று எட்டிப்பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அரிசி கொண்டுவந்த வருடங்களில் யாரும் பானைக்குள் தன் அரிசியைத் தேடியதில்லை.

இலை போட்டீர்கள். சோறு, கிழங்குத்துண்டு. நான் பெயர்களைக் கூப்பிட்டேன். பெரியப்பா மகன் பெயர் வந்தபோது பெரியம்மா வாய் திறப்பதற்குள், "இன்னும் வரலை," என்று பெரியப்பாவின் குரல் கேட்டது. முதல்முறையாக. பெரியம்மா திரும்பி அவரைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. பிறகு அண்ணன் பெயர். உங்கள் பதில். அதே குரல், அதே நிதானம்.

சாப்பாடு முடிந்து, வாசல் மூடும் நேரத்துக்கு முன் நீங்கள் பானை கழுவிக்கொண்டிருந்தீர்கள். தண்ணீர் எடுத்து ஊற்றிக்கொண்டே, எங்கிருந்தோ வந்த துணிச்சலில் உங்களிடம் கேட்டேன். "அண்ணி, அண்ணன் வருவாருன்னு நெஜமாவே நெனைக்கிறீங்களா?"

நீங்கள் கோபப்படவில்லை. சாம்பலைப் போட்டுத் தேய்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "அவரு இல்லன்னு எனக்குத் தெரியாதா, தம்பி? ஆனா யாரும் பாத்து வந்து சொல்லலியே. செத்த நாளு எனக்குத் தெரியாது. வராத நாளு தெரியும். தெரிஞ்சததான சொல்றேன். அது பொய்யா?"

நான் எத்தனையோ கணக்குகளும் அறிக்கைகளும் எழுதியவன். தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவே இவ்வளவு நேராக யாரும் கோடு போட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் கோட்டின்மேல் நின்றுகொண்டே பால் வெட்டினீர்கள், மகளை வளர்த்தீர்கள், கட்டிக்கொடுத்தீர்கள். பொட்டையும் வைத்துக்கொண்டீர்கள். உங்களுக்குப் பைத்தியம் என்று சொன்னவர்கள் உண்டு. உங்களைப்போல் தெளிவான ஆளை நான் வேறு கண்டதில்லை.

வேலி போனது. அரிசி தாராளமாகக் கிடைத்தது. இனி பழையபடி அரிசியே கொண்டுவரலாமே என்று ஒருவர் கேட்டபோது, "வேணாம், அது எங்கயும் கெடைக்கும்," என்று முடித்துவிட்டீர்கள். இப்போது சி ரூசாவில் கடலோர பங்களா ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கூடுகிறோம். பிரியாணி கேட்டரிங்காரர் கொண்டுவருகிறார். ஆனாலும் முற்றத்தில் மூன்று கல் வைத்து ஒரு சின்னப் பானை வைப்பீர்கள். பிள்ளைகள் கார் பின்பெட்டியிலிருந்து விறகு எடுப்பார்கள். கோலாலம்பூரிலிருந்து வருகிற ஒருவன் தளவாடக் கடையில் மரத்துண்டு வாங்கி, விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காமல் கொண்டுவருவான். நீங்கள் அதையும் அடுப்பில் வைப்பீர்கள்.

நீங்கள் இல்லாத முதல் ஒன்றுகூடல் நாளை.

எழுதி முடிக்கும்போது பேனா எடுக்கத் துணிவு வந்துவிட்டது, அண்ணி. முதல் வாக்கியத்தில் 'இறந்துபோன' என்பதை அடித்து 'இன்னும் வராத' என்று எழுதிவிட்டேன். இரண்டாவது வாக்கியத்தை முழுதாக எடுத்துவிட்டு, அவசரகாலத்தில் அரிசி கொண்டுவர முடியாத ஒரு வருடத்தில் நீங்கள் தொடங்கியது என்று போட்டேன். கவிதாவுக்குத் தொலைபேசியில் படித்துக்காட்டினேன். அச்சகத்து அங்கிளைத்தான் முதலில் சொல்வாள் என்று நினைத்தேன்.

"பாட்டியா ஆரம்பிச்சாங்க? எங்ககிட்ட சொல்லவே இல்லயே, தாத்தா."

"யாரும் கேக்கல," என்றேன்.

பிறகு அவள் வேறொன்று கேட்டாள். நாளை கூப்பிடும் பெயர்களில் கடைசியாக உங்கள் பெயரையும் சேர்த்திருக்கிறாளாம். நான் வேண்டாம் என்றேன். "பாட்டி பேரப் போய் எடுக்கச் சொல்றீங்களே?" என்றாள். அது வராதவர்கள் பெயர், பாட்டி போன நாள் நமக்குத் தெரியும், அவர்களுக்குத் திதி கொடுப்போம் என்று சொன்னேன். நான் இவ்வளவு உறுதியாகப் பேசி அவள் கேட்டதில்லை. நானே கேட்டதில்லை. உங்கள் கோட்டைத்தான் நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"சரி, தாத்தா," என்றாள். "ஆனா எங்க தாத்தா பேரக் கூப்ட்டா யாரு பதில் சொல்றது? அம்மாவால முடியாதாம். இப்பவே அழுவுறாங்க."

எனக்கும் அந்தக் கேள்விதான் உங்கள் காரியம் முடிந்த நாளிலிருந்து நெஞ்சில் கிடக்கிறது. இத்தனை வருடமும் நான் கூப்பிட்டேன், நீங்கள் பதில் சொன்னீர்கள். கூப்பிடுவது கிராணி வேலை. தாளைப் பார்த்துக்கொண்டு நின்றால் போதும். பதில் சொல்வது வீட்டு ஆளின் வேலை. அவர் என் கூடப்பிறந்த அண்ணன். என்னைச் சிரம்பானில் படிக்க விட்டவர். அவருக்காக அந்த இரண்டு சொல்லை நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. நீங்கள் இருந்தீர்கள், எனக்குத் தேவைப்படவில்லை.

நாளை பெயர்களைக் கவிதாவே கூப்பிடட்டும் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு நல்ல குரல்.

உங்கள் விறகை மலரில் படம் பிடித்துப் போட்டு, கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம் என்று நேற்றிரவுவரை யோசித்திருந்தேன். வரலாற்றுப் பொருள் என்று எழுதி ஒட்டக்கூடத் தாள் வெட்டிவிட்டேன். இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. நீங்கள் அதை எரிக்கத்தான் காயவைத்தீர்கள். நாளை என் விறகோடு உங்களுடையதும் வரும். இரண்டின் முனைகளையும் பார்த்துவிட்டேன், கரி இல்லை. உங்களுடையதை முதலில் வைப்பேன்.

பானை பொங்கியதும் இலை போடுவார்கள். கவிதா அண்ணன் பெயரைக் கூப்பிடுவாள். நான் கூட்டத்தில், வீட்டு ஆட்கள் நிற்கும் பக்கம் நிற்பேன். குரல் நடுங்கலாம், கடல் சத்தத்தில் பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காமலும் போகலாம். ஆனாலும் எனக்குத் தெரிந்ததை நான் சொல்வேன், அண்ணி.

இன்னும் வரலை.